புதிமிர் கடையைத் தாண்டி

வனத்துறையிலிருந்து கடிதம் வந்த நேரத்தில் யாகொதா மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. புருஷன் ரதோமிர் வாசல் கேட்டருகே நின்று கடிதத்தைப் படித்தான், மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான், மறுபடி எடுத்துப் படித்தான்.

"என்ன, யாரு செத்தா?" என்றாள் அவள், மண்வெட்டியை நிமிர்த்தாமலே.

"யாரும் சாகல."

"அப்புறம் ஏன் மூஞ்சி அப்படிப் போகுது?"

யாகொதா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து கடிதத்தைப் பிடுங்கினாள். கண்ணாடி இல்லாததால் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு உரக்கப் படித்தாள். வனக் காவலர் அனைவரும் அக்டோபர் மாதத்து முதல் சனிக்கிழமை நகரத்து விளையாட்டுத் திடலுக்கு வர வேண்டும். மூவாயிரம் மீட்டரை இருபத்துநான்கு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். இடையில் நின்றாலோ நடந்தாலோ வேலைக்குத் தகுதியில்லை.

படித்து முடித்தவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து சிரித்தாள். அடிவயிறு வலிக்கும்வரை சிரித்தாள். நூற்றுப் பன்னிரண்டு கிலோ ரதோமிர், பத்தொன்பது வருஷமாக ஜீப்பில் உட்கார்ந்தே காட்டைக் காவல் காத்தவன், கோழி பிடிக்கக்கூட இரண்டாவது எட்டு வைக்காதவன், மூவாயிரம் மீட்டர் ஓடப்போகிறான்!

சிரித்து ஓய்ந்த பிறகுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. வேலை இழப்பவர்கள் மூன்று மாதத்துக்குள் அரசுக் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும்.

குடியிருப்பு என்றால் இந்த வீடு. இந்த முற்றம், இந்தப் பாத்தி, மிளகாய் சுடும் இந்த இரும்பு அடுப்பு. இதை விட்டால் போக இருந்த ஒரே இடம் நாத்தனார் பிசெர்காவின் மாடி. சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருப்பவள் பிசெர்கா. அவள் மாடிக்குப் போவதைவிட ஆற்றில் குடிசை போடலாம் என்று யாகொதா பத்துப் பேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறாள்.

"ஓடு" என்றாள் எழுந்து. "எப்படியாவது ஓடித் தொலை."

ரதோமிர் நகரத்துக்குப் போய்ச் செக்கச் சிவந்த ஷூ ஒரு ஜோடி வாங்கி வந்தான். கல்யாண மாப்பிள்ளைபோல அதைத் துடைத்துத் துடைத்து மேசைமேல் வைத்தான். சுகாதார நிலையத்து நர்ஸ் ரூஷா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டுத் தடவை. அடுத்த வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம். ஒருநாள் ஓடினால் மறுநாள் ஓய்வு. தாளின் அடியில் பெரிய எழுத்தில், 'ஓடும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம்' என்று எழுதியிருந்தது.

"ஒரு நிமிஷம் ஓடி ரெண்டு நிமிஷம் நடக்கிறதா? இது சீக்காளிக்குச் சொன்னது" என்றான் ரதோமிர். தாளைக் குளிர்பெட்டிமேல் ஒட்டினான். அதோடு சரி.

வீட்டிலிருந்து மரம் அறுக்கும் ஆலைவரை சரியாக மூன்று கிலோமீட்டர். நடுவில் பாலம். அதற்கு முன்பே, வீட்டைவிட்டு நானூறு அடி தாண்டியதும், புதிமிரின் மதுக்கடை. லிண்டன் மரத்தடியில் நாலு நாற்காலி, அதில் நாலு பேர். காலை ஏழு மணிக்கே பிளம் சாராயத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் உடம்பில் வேலை செய்யும் ஒரே உறுப்பு வாய்தான் என்பது யாகொதாவின் தீர்மானம்.

முதல் நாள் ரதோமிர் சிவப்பு ஷூவோடு கிளம்பிப் போனான். அரைமணி நேரம் கழித்துப் பால் வண்டியின் பின்பக்கம் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து திரும்பி வந்தான். முகம் சுட்ட மிளகாய்போல் இருந்தது. பாலத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காலையில் தின்ற பன்றிக்கொழுப்பையும் ரொட்டியையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டானாம். பால்காரனே சொன்னான்.

இரண்டாம் நாளும் பாலம். மூன்றாம் நாளும் பாலம். மூன்று வாரம் ஆகியும் அவன் பாலத்தைத் தாண்டவில்லை. கணுக்காலுக்கு மேலே எலும்பு வலி எடுத்து நொண்டினான்.

ஒருநாள் யாகொதா சைக்கிளில் வயலுக்குப் போகிற சாக்கில் அவன் பின்னாலேயே போனாள். வீட்டிலிருந்து கொஞ்சதூரம் ஒழுங்காகத்தான் போனான். மதுக்கடை நெருங்கியதும் வயிற்றை உள்ளே இழுத்தான், நெஞ்சை நிமிர்த்தினான், நாய் துரத்தினதுபோல் பறந்தான்.

"உக்காந்துட்டுப் போ ராதே!" என்று மரத்தடியிலிருந்து ஸ்தாங்கோ கத்தினான். புதிமிரின் மச்சான். ஊரில் ரதோமிரை ராதே என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள்.

ரதோமிர் இன்னும் வேகமெடுத்தான். வளைவு திரும்பி அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் சட்டென்று நின்றான். அங்கிருந்து தள்ளாடித் தள்ளாடிப் பாலம். பாலத்தில் கைப்பிடி.

யாகொதா சைக்கிளைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எதுக்குய்யா கடைகிட்டப் போனதும் அப்படி ஓடுற? அங்க என்ன, ராணியா உக்காந்திருக்கா?"

அவனால் பேச முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினான்.

"அந்த நாலு குடிகாரனுக்குப் படம் காட்டிட்டு இங்க வந்து வாந்தி எடுக்கிற. பரீட்சை வைக்கிறது அவனுங்களா?"

"வாத்து மாதிரி... அசைஞ்சு அசைஞ்சு... அவனுங்க முன்னாடி... போகச் சொல்றியா?" என்றான் மூச்சுக்கு நடுவே. "யூனிபார்ம் போட்டவன் நான்."

"வாத்துன்னா பாலத்தைத் தாண்டியிருக்கும்."

செப்டம்பர் பிறந்தது. மிளகாய் சிவந்தது. மூட்டை மூட்டையாகப் பறித்து, அடுப்பில் தோல் கருகச் சுட்டு, சூட்டோடு உரித்து, விதை நீக்கி, அரைத்து, கொப்பரையில் எண்ணெய் விட்டுக் குளிர்காலத்துக்கான விழுதாக மணிக்கணக்கில் கிளற வேண்டிய காலம். ஊர் முழுக்கப் புகையும் காரமும் இனிப்புமாக ஒரு வாசனை. பிசெர்கா உதவிக்கு வந்தாள். நாலு மிளகாய் உரிப்பதற்குள் எட்டுத் தடவை பெருமூச்சு விட்டாள்.

"மாடியைக் கழுவி விட்டுட்டேன் மதினி" என்றாள்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? எனக்கென்ன கண்ணு இல்லையா? அண்ணன் பாலத்தையே தாண்டலன்னு ஊரே சிரிக்குது. நீங்க வந்தா கொப்பரையை மட்டும் கொண்டாராதீங்க. என் சுவரு கரி புடிச்சிரும். அப்புறம் ராத்திரி எட்டு மணிக்கு மேல வெளக்கு எரியக் கூடாது."

"வேற?"

"குளிக்கிறது வாரத்துக்கு ரெண்டு தடவை. தண்ணி மேல ஏற மாட்டேங்குது."

யாகொதா கையிலிருந்த மிளகாயின் தோலை ஒரே இழுப்பில் உரித்தாள். "மாடியில புறாவை வளர்த்துக்கோ பிசெர்கா. அதுங்க குளிக்கக் கேக்காது."

மறுநாள் காலை, கரிபடிந்த மேலங்கியும் ரப்பர் அடி வைத்த தோட்டத்துச் செருப்புமாக அவள் கேட்டைத் திறந்துகொண்டு புருஷனோடு சாலையில் இறங்கினாள்.

"நீ எங்க வர்ற?" என்றான் ரதோமிர், பதறிப்போய்.

"உன் மானத்தை வாங்க. நட."

குளிர்பெட்டியிலிருந்து நர்ஸின் தாளைப் பிய்த்துக் கையில் வைத்திருந்தாள். அதில் எழுதியபடி ஒரு நிமிடம் ஓடினார்கள், இரண்டு நிமிடம் நடந்தார்கள். ஓடினார்கள் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். பின்னால் பால்பாத்திரத்தோடு நடந்து வந்த கிழவர் அவர்களைத் தாண்டிப் போக நேரம் பிடிக்கவில்லை. மதுக்கடை வந்தது. ரதோமிரின் கால் தானாக வேகமெடுத்தது. யாகொதா அவன் பனியனின் வாலைப் பிடித்தாள்.

"மெதுவா."

"விடு யாகோ, பாக்கிறானுங்க."

"பாக்கட்டும். இதுக்குமேல பாக்க அவனுங்க வாழ்க்கையில வேற ஒண்ணும் இல்ல."

"இப்ப ரெண்டு வாத்து!" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது. "உக்காந்துட்டுப் போ ராதே! பெண்டாட்டி ஓடட்டும்!"

யாகொதா நிற்காமலே தலையை மட்டும் திருப்பினாள். "ஸ்தாங்கோ, உன் பெண்டாட்டி விறகு பொளந்துகிட்டு இருக்கா, சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. நீ எந்திரிச்சுப் போய் ஒரு கட்டை எடுத்துக் குடுத்தா உன் இடுப்பு ஒண்ணும் ஒடிஞ்சிராது."

சிரிப்பு ஒரு கணம் நின்று, பிறகு ஸ்தாங்கோவின் பக்கம் திரும்பியது. அதற்குள் அவர்கள் வளைவைத் தாண்டியிருந்தார்கள்.

அன்றிலிருந்து யாகொதாவுக்கு ஒரு விஷயம் புரிந்தது. ஓடும்போது பேச முடிய வேண்டும் என்று நர்ஸ் எழுதியிருந்தாள் அல்லவா? யாகொதாவுக்குப் பேச்சு என்றால் திட்டுதான். திட்டிக்கொண்டே ஓடுகிற அளவுக்கு ஓடினால் அது சரியான வேகம். அவன் பதில் சொல்கிற அளவுக்கு மூச்சு இருந்தால் அவனுக்கும் சரியான வேகம். அவன் பதில் குளறினால் வேகத்தைக் குறைப்பாள். பதிலில் திமிர் தெரிந்தால் கொஞ்சம் கூட்டுவாள்.

முதல் வாரம் அவன் குறட்டையைத் திட்டினாள். இரண்டு நிமிட ஓட்டம் வந்தபோது கல்யாணத்தன்று அவன் அத்தை வெந்தும் வேகாத ஆட்டுக்கறி பரிமாறியதைத் திட்டினாள். ஐந்து நிமிடம் வந்தபோது, தன் அம்மா சாகக் கிடந்த வாரம் அவன் மீன்பிடிக்கப் போனதை எடுத்தாள்.

"ஒரே ஒரு நாள் போனேன்."

"மூணு நாள்."

"ரெண்டு. மூணாம் நாள் வலையைத் திருப்பிக் குடுக்கப் போனேன்."

"மீனைக் கொண்டுவந்து எங்கம்மா படுக்கைகிட்டக் காட்டினியே, வெக்கமில்லாம!"

"அவங்கதான் கேட்டாங்க யாகோ. என்ன மீனுன்னு கேட்டாங்க. கையில தொட்டுப் பாத்தாங்க."

யாகொதாவுக்கு அது தெரியாது. அடுத்த சண்டையை எடுக்கக் கொஞ்சதூரம் ஓட வேண்டியிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது பாலம் பின்னால் கிடந்தது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

பாலத்தைத் தாண்டியபின் சாலை ஆற்றோரமாகவே போகும். காலைப் பனி தண்ணீருக்குமேல் புகைபோல நிற்கும். எட்டு நிமிடம், பிறகு பன்னிரண்டு, ஒரு வெள்ளிக்கிழமை பதினாறு. வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகக் கொப்பரைக்குப் போவாள், அவன் ஜீப்புக்குப் போவான். பீன்ஸ் குழம்பை இருவரும் முன்பைவிட ஆழமான தட்டில் ஊற்றிக்கொண்டார்கள். அவன் பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டுக் காட்டியபோது, "வயிறு குறையல, பெல்ட் நீண்டுருச்சு" என்றாள்.

செப்டம்பர் முடிய ஒரு வாரம் இருந்தது. அன்று நிற்காமல் ஆலைவரை ஓடிப் பார்ப்பதென்று கிளம்பினார்கள். மதுக்கடை போனது, பாலம் போனது. யாகொதா வழக்கமான அட்டவணையை முடித்துவிட்டாள். இருபத்துமூன்று வருஷத்துக் குறைகளில் ஒன்று பாக்கியில்லை.

"முடிஞ்சுது" என்றாள். "இனிமே திட்ட ஒண்ணும் இல்ல. நீயா ஏதாவது பேசு. இல்லன்னா வேகம் தெரியாது."

ரதோமிர் நெற்றி வியர்வையைத் துடைத்தான். "ஒண்ணு பாக்கி இருக்கு" என்றான். "அது உனக்குத் தெரியாது."

"என்ன, பொம்பளையா?"

"இல்ல. ஊத்துக்கு மேல ஓக் மரம் நின்னுச்சே, முப்பத்தொரு மரம்."

"வெட்டிக் கொண்டுபோயிட்டானுங்க. நீ அன்னைக்கு நகரத்துல மீட்டிங்குல இருந்த."

"இல்ல. இங்கதான் இருந்தேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் சாலையையே பார்த்துக்கொண்டு ஓடினான்.

"நாலு வருஷத்துக்கு முன்ன, மார்ச் மாசம். ரம்பச் சத்தம் கேட்டுச்சு. ஜீப்புல போனா எஞ்சின் சத்தம் கேட்டு அந்தப் பக்கமா எறங்கிப் போயிருவானுங்க. எப்பவும் அப்படித்தான். அதனால ஜீப்பைக் கீழ விட்டுட்டு நடந்து ஏறினேன். நாப்பது நிமிஷ ஏத்தம். பத்து நிமிஷத்துல நெஞ்சு அடைச்சிருச்சு. ஒரு கல்லுமேல உக்காந்துட்டேன். ரெண்டு மணி நேரம் மேல மரம் விழுந்துகிட்டே இருந்துச்சு. ஒவ்வொண்ணா எண்ணிகிட்டு உக்காந்திருந்தேன்."

"யாரு?"

"ஸ்தாங்கோ. டிராக்டர்ல மொத லோடை ஏத்திகிட்டு நான் உக்காந்திருந்த கல்லை ஒட்டியே எறங்கினான். தொப்பியைத் தூக்கினான். 'உக்காந்துக்கோ ராதே, எந்திரிக்க வேண்டாம்'னான்."

தினமும் மரத்தடியிலிருந்து வரும் அந்தக் குரலைக் குடிக்கக் கூப்பிடுகிற கிண்டல் என்று அவள் நினைத்திருந்தாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

"அதுக்கப்புறமும் நம்ம வீட்டுத் திருநாளுக்கு வந்தான்" என்றாள். "என் கையால மூணு தட்டுத் தின்னான்."

"ஆமா."

"நீ ஏன் புகார் எழுதல?"

"எழுதினா, பக்கத்துல உக்காந்து ஏன் பாத்துகிட்டிருந்தன்னு கேப்பானுங்க."

"பத்து நிமிஷம்" என்றாள் அவள். "பத்தே நிமிஷத்துல உக்காந்துட்ட."

"ஆமா."

வாய் நிறைய வசவு இருந்தது. கோழை, சோற்றுமூட்டை, உருப்படாதவன். எல்லாவற்றையும் இந்த மூன்று வாரத்தில் சின்னச் சின்ன விஷயத்துக்குச் செலவழித்துத் தீர்த்திருந்தாள். இப்போது எடுத்தால் எதுவும் போதவில்லை. ஆலையின் கேட் வந்ததும் இருவரும் அதைத் தொட்டார்கள். இருபத்துமூன்று நிமிடம் சொச்சம். அவன் நடக்கவில்லை. சந்தோஷப்படவும் இல்லை. அவள் ஆலைச் சுவரோரம் அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "வா, கொப்பரை தீயும்" என்றாள்.

பரீட்சை நாளில் தூறல். நகரத்துத் திடலில் இருபது காவலர்கள்தான் நின்றார்கள். மற்றவர்களெல்லாம் முதுகுவலி, இதயநோய் என்று டாக்டரிடம் சீட்டு வாங்கிக் கொடுத்து விலக்குப் பெற்றுவிட்டதாகப் பேச்சு. தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரி தார்ப்பாய்க்கு அடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். மழை படாமல் இருக்கத் தன் ஷூவுக்குப் பாலித்தீன் பை கட்டியிருந்தான். இவன்தான் ஓட்டத்தைப் பரிசோதிக்க வந்தவன் என்று பார்த்ததுமே யாகொதாவுக்கு ஓங்கி ஒன்று வைக்கக் கை துறுதுறுத்தது.

ஏழரைச் சுற்று. விசில் ஊதியதும் எல்லோரும் பாய்ந்தார்கள். ரதோமிர் வாத்துபோல் கிளம்பினான். முதல் சுற்றிலேயே கடைசி. இரண்டாம் சுற்றில் இளவட்டங்கள் அவனை ஒருமுறை தாண்டினார்கள்.

"ஐயா, ஜீப்பு எங்க?" என்று ஒருவன் கத்திவிட்டுப் போனான்.

ரதோமிரின் தோள் விறைத்தது. எட்டு நீண்டது. யாகொதா கம்பிவேலியில் இரண்டு கையையும் கொடுத்துத் தொங்கினாள்.

"ராதே! அந்தத் தடியனைப் பாக்காத! மீனு என்ன மீனு? எங்கம்மாகிட்டக் காட்டினியே, என்ன மீனு? சொல்லு!"

திடலே திரும்பிப் பார்த்தது. ரதோமிர் ஓடிக்கொண்டே, "கெண்டை!" என்றான்.

"எத்தனை கிலோ?"

"ஒண்ணரை!"

"பொய்!"

எட்டு மறுபடி சின்னதானது. ஒவ்வொரு சுற்றிலும் வேலியோரம் வரும்போது அவள் ஒரு கேள்வி வைத்திருந்தாள். கல்யாண ஆட்டுக்கறி, பிசெர்காவின் சர்க்கரைப் பூட்டு, பெல்ட் துளை. அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுப் போனான். முதலில் பாய்ந்தவர்களில் மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து, பெயர் அடிக்கப்பட்டு, புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். ஜீப்பைக் கேட்டவன் அவர்களில் ஒருவன்.

எல்லோரும் முடித்துவிட்டார்கள். ரதோமிருக்கு இன்னும் ஒரு சுற்று. அதிகாரி தாள்களை அடுக்கினான்.

"அவரை நிறுத்தச் சொல்லுங்கம்மா. எல்லாம் முடிஞ்சுருச்சு. மழையில எத்தனை நேரம்?"

"கடிகாரத்துல எவ்வளவு?" என்றாள் யாகொதா, வேலியைச் சுற்றிக்கொண்டு மேசைக்கு வந்து.

"இருபது நிமிஷம் நாப்பது. ஆனா..."

"இருபத்துநாலுன்னு நீங்கதான எழுதியனுப்புனீங்க? உக்காருங்க தம்பி. கால்ல பை கட்டியிருக்கீங்க, கரைஞ்சிர மாட்டீங்க. அவரு வர்ற வரைக்கும் உக்காந்து பாருங்க."

அதிகாரி உட்கார்ந்தான். கடைசிச் சுற்றில் ரதோமிர் தூரத்து வளைவில் தனியாக வந்துகொண்டிருந்தான். வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிவப்பு ஷூ சேறாகியிருந்தது. அவனைத் திட்ட யாகொதா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

இருபத்துமூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. அதிகாரி அதை எழுதும்வரை அவள் அவன் பேனாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இருவரும் ஜீப்பில் திரும்பினார்கள். மழை விட்டிருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் ரதோமிர் புதிமிரின் கடை வாசலில் வண்டியை நிறுத்தினான். யாகொதாவுக்குச் சுருக்கென்றது. பெருமை பீற்றப் போகிறான். நாலு குடிகாரர்கள் முதுகில் தட்ட, ஒரு கிளாஸ், இரண்டு கிளாஸ், அப்புறம் இரண்டு மாத ஓட்டமும் சாராயத்தில் போச்சு.

"ஓ, ஓட்டக்காரர்!" என்றான் புதிமிர். "உக்காரு ராதே. ஜெயிச்சுட்டியாமே, போன் வந்துச்சு. ஒண்ணு ஊத்தட்டுமா?"

"உக்காரத்தான செய்வான்" என்றான் ஸ்தாங்கோ. சிரிப்பு எழுந்தது.

ரதோமிர் நின்றபடியே இருந்தான். "ஸ்தாங்கோ, உனக்கு ஒரு விஷயம் சொல்லணும். திங்கக்கிழமையிலேருந்து நான் ஜீப்புல வர மாட்டேன். நடந்து வருவேன். சத்தம் கேக்காது."

யாரும் உடனே சிரிக்கவில்லை. புதிமிர் துண்டால் மேசையைத் துடைத்தான், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். ஸ்தாங்கோ கிளாஸைக் காலி செய்துவிட்டுப் பல்லைக் காட்டினான்.

"நீ ஓடுற வேகத்துக்கு மலைமேல வந்து சேர செவ்வாய்க்கிழமை ஆயிருமே?"

"ஆகட்டும்" என்றான் ரதோமிர். "நடுவுல உக்கார மாட்டேன்."

இப்போது சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள், மேசையைத் தட்டி. ரதோமிர் திரும்பி ஜீப்பை நோக்கி நடந்தான். இருபதடி தூரம். முதுகில் அத்தனை சிரிப்பு விழுந்தும் அவன் எட்டு அவசரப்படவில்லை. வழியில் கிடந்த ஒரு காலி பாட்டிலைக் குனிந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்தான்.

யாகொதா ஜீப்பின் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"அங்க ஏழு மூட்டை மிளகாய் அழுகிட்டுக் கெடக்கு. இவரு பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி நடக்குறாரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். பிறகு அவன் ஏறுவதற்காக அவன் பக்கத்துக் கதவை எட்டித் திறந்துவைத்தாள்.